புதினா மணந்த டப்பா

மார்ச் 3, திங்கள்

யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் புது நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்து அழகாக வருகிறது. ஏமாற்று வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "ஆஸ்பத்திரியில, லேப்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விடுதியில் பக்கத்து அறைக்காரிகள்கூட நான் சர்க்கரை, கொழுப்பு பார்ப்பவள் என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் நான் பார்ப்பது மருந்தை. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என் கேள்வி. மனிதர்களைப் பற்றி இதைவிடக் குறைவாகக் கேட்கும் வேலை இருக்குமா தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்று ஒன்பதாம் படுக்கைக்கு மெத்தோட்ரெக்சேட் ஏற்றினார்கள். பளிச்சென்ற மஞ்சள் மருந்து. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பையைக் கறுப்புத் தாளால் மூடியிருப்பார்கள். குழாயில் இறங்கும்போதுதான் அந்த மஞ்சள் தெரியும். நான்கு மணி நேரத்தில் ஏற்றும் அளவு ஆளையே கொல்லப் போதுமானது. மறுநாள் முறிமருந்து கொடுத்துக் காப்பாற்றுவார்கள். அதற்குள் சிறுநீரகம் மருந்தை வெளியே தள்ள வேண்டும். தள்ளியதா என்று சொல்வதுதான் என் எந்திரம்.

இருபத்துநான்கு மணி நேரத்தில் அளவு பத்துக்குக் கீழே வர வேண்டும். நாற்பத்தெட்டில் ஒன்றுக்குக் கீழே. எழுபத்திரண்டில் பத்தில் ஒன்றுக்குக் கீழே. இறங்கு படிக்கட்டு.

ஒன்பதாம் படுக்கை பதினைந்து வயதுப் பெண். முழங்கால் எலும்பில் கட்டி. இது இரண்டாம் சுற்று. பிப்ரவரியில் முதல் சுற்றில் ஒரு படியும் தவறாமல் இறங்கினாள்.

வாங்க: சோப்பு, பேனாவுக்கு ரீஃபில். சென்னைக் கடிதத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும். இப்போதைக்குப் படிக்கும் புத்தகத்தில் அடையாளமாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஒன்பதாம் படுக்கை: 14.6.

மார்ச் 5, புதன்

4.2. ஒன்றுக்குக் கீழே இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் எஸ்தர் லேபுக்கே வந்துவிட்டார். வார்டு முழுவதும் பயப்படும் ஆள். என் நாற்காலியில் உட்கார்ந்து என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"வல்லி, உன் மிஷின் ஒழுங்கா இருக்கா?"

"காலையிலயும் அளவு சரிபார்த்தேன், டாக்டர். மத்த ரெண்டு பேருக்கும் சரியா வந்திருக்கு."

"அப்புறம் இவளுக்கு மட்டும் ஏன் இறங்கல? சார்ட்டப் பாரு. எட்டு, எட்டு, எட்டு. இதைவிட நல்ல யூரின் இந்த வார்டுல எவளுக்கும் கிடையாது."

அந்த எட்டு என்னவென்று எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே உதவும். சிறுநீர் அமிலமாக இருந்தால் இந்த மருந்து அதில் கரையாது. நூலில் கற்கண்டு படிவதுபோலச் சிறுநீரகத்துக்குள் படிந்துவிடும். காரமாக இருந்தால் கரைந்து வெளியேறும். அதற்காக சோடா உப்பு கொடுப்பார்கள். போன சுற்றில் அதைக் குளுக்கோஸோடு சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். இம்மாதம் சோடா ஊசி வரவில்லை; ஆறு மணி நேரத்துக்கு நான்கு மாத்திரை, விழுங்க வேண்டும். சிறுநீர் போகும் ஒவ்வொரு முறையும் டப்பாவில் பிடித்து ஒரு காகிதக் கீற்றை நனைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் அமிலம். பச்சை ஏழு. நீலம் எட்டு. ஏழுக்குக் கீழே இருந்தால் மருந்தையே தொடங்க மாட்டார்கள். இருபத்திரண்டு படுக்கைக்கு ஒரு சிஸ்டர். ஆகவே கூட இருப்பவர்களே கீற்றை நனைத்து சிஸ்டரிடம் காட்டுகிறார்கள், அவர் எண்ணை எழுதிக்கொள்கிறார்.

எந்திரத்தை இன்னொரு முறை கழுவி, தெரிந்த அளவு மருந்து கலந்த ரத்தத்தை ஓட்டினேன். சரியாகவே சொன்னது. எந்திரம் பொய் சொல்லவில்லை. கீற்றும் பொய் சொல்லாது. இரண்டும் உண்மை என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது. இன்று நாள் முழுவதும் அது ஒரு நல்ல புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்ததுபோல உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் உயிர் என்பதை மறந்து அதை ரசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா ஃபோன். வழக்கமான கேள்வி, போனாயா என்று. போனேன், எல்லாம் நார்மல் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

2.3. ரத்தத்தில் கழிவும் ஏறுகிறது. சிறுநீரகம் அடைபடத் தொடங்கிவிட்டது. வாயெல்லாம் புண்ணாம். முறிமருந்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறார்கள்.

சிறுநீரில் மருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்தால் என்ன? யாரும் கேட்கவில்லை. நானே சிஸ்டர் ஜெபக்கனியிடம் ஒன்பதாம் படுக்கையின் டப்பாவைக் கேட்டு வாங்கினேன்.

மூடியைத் திறந்ததும் புதினா மணம்.

சிறுநீர் பலவிதமாக மணக்கும், நான் அறிவேன். பெருங்காயம், மருந்துக்கடை, அழுகிய பழம். மிட்டாய்போல மணந்து இதுவரை கண்டதில்லை. பழைய வைத்தியர்கள் சிறுநீரில் நல்லெண்ணெய் ஒரு துளி விட்டுப் பார்ப்பார்களாம். துளி பாம்பாக நெளிந்தால் வாதம், வளையமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். புதினா மணந்தால் என்ன என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை.

டப்பாவின் அடியில் வெள்ளை வண்டல். சோதனைக்காக ஒரு துளி அமிலம் விட்டேன். கோலி சோடா உடைத்ததுபோல் பொங்கி மேசைக்கு வழிந்தது. காரமான சிறுநீர் கொஞ்சம் நுரைக்கும்தான். இப்படிப் பொங்காது.

மேசையைத் துடைத்துவிட்டு மருந்தகத்துக்குப் போய் சோடா மாத்திரை ஒன்று வாங்கினேன். நொறுக்கினேன். புதினா. வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். விழுங்கிய மாத்திரையின் மணம் இப்படி முழுசாகச் சிறுநீரில் வராது. வண்டலும் வராது.

எனக்குத் தெரிந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடிப்பாள், வாயைத் திறந்து காட்டுவாள், பிறகு பால்கனிக்குப் போய் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பி மண்ணை மூடுவாள். ஜூன் மாதம் குரோட்டன்ஸ் பட்டுப்போனது. அவளுடைய அம்மா கண்ணேறு என்று சொல்லித் தொட்டிக்குச் சூடம் சுற்றினாள்.

பதினோரு மணிக்கு வார்டுக்குப் போனேன். வழக்கமாகப் போக மாட்டேன்.

அம்மாவின் பெயர் பேச்சித்தாய். சங்கரன்கோவில் பக்கம், பீடி சுற்றுகிறவர். நான் லேப் என்றதும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன காலண்டரை எடுத்துக் காட்டினார். நனைத்துக் காய்ந்த கீற்றுகளைத் தேதிவாரியாகச் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். எல்லாம் நீலம். ஒன்றுக்கு ஒன்று நிறம் மாறவே இல்லை.

"பாத்தியளாம்மா? ஒண்ணுகூட தப்பல. அந்தா அந்தப் படுக்கைக்காரிக்கெல்லாம் மஞ்சளா வருது, பாவம். எம்பிள்ள நல்லபடியா மருந்து முழுங்குதா. அப்புறமும் ஏன் இறங்கலேங்காவ?"

காலையில் ஒரு நிறம், சாப்பிட்டதும் ஒரு நிறம், தூங்கி எழுந்தால் ஒரு நிறம். உடம்பு அப்படித்தான் இருக்கும். இத்தனை ஒழுங்கு எந்த உடம்புக்கும் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. வெந்நீர் வாங்க அவர் கீழே போகும்வரை காலண்டரையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் பெயர் இசக்கிப்பிரியா. மொட்டைத் தலை, பெரிய கண்கள், மடியில் கணக்கு வழிகாட்டி நூல்.

"யக்கா, நீங்கதான் மூத்திர லேப்பா?"

"ரத்தமும் பாப்பேன்."

"ரெண்டையும் வச்சு என்ன செய்வீங்க, ரசமா?"

"உன் டப்பா புதினா மணக்குது."

சிரிப்பு நின்றது. உடனே பதில் வந்தது: "புதினா சட்னி தின்னேன்."

"வாய்ப்புண்ணோட புதினா சட்னியா?"

புத்தகத்தைப் புரட்டினாள். பக்கத்தைப் பார்க்கவில்லை. நான் அந்த ஒன்பது வயதுப் பெண்ணின் குரோட்டன்ஸ் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"அந்தப் பிள்ள செத்துப்போச்சா?"

"இல்ல. பாதியில கண்டுபிடிச்சிட்டாங்க. இருக்கா."

"எங்க?"

"எங்கயோ வேலை பாக்கா."

சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முதல் நான்கு மாத்திரையை விழுங்கினாளாம், வாந்தி. மறுபடி விழுங்கினாள், வாந்தி. கீற்று மஞ்சள். சாயங்காலத்துக்குள் பச்சையாகாவிட்டால் மருந்து அடுத்த வாரம்தான் என்று யாரோ சொன்னார்கள். இது ஒரு வாரம் தள்ளினால் அதற்கடுத்த சுற்றும் தள்ளும். மார்ச் 28 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போக முடியாது. கழிப்பறையிலேயே மாத்திரைகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி, கரைந்ததும் அம்மாவிடம் நீட்டினாள். நீலம். அம்மா அவளுடைய மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தாராம். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.

"மூத்திரம் காரமா இருக்கணும்னுதான சொன்னாவ? முழுங்குனாலும் எப்படியும் அங்கதானக்கா போவப் போவுது. நேரா அதுலயே போட்டா என்ன?"

அமிலமும் காரமும் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். பதில் சரி, சோதனைக்குழாய்தான் தவறு. உலகத்தில் எந்தப் பாடப்புத்தகமும் இந்தத் தவறை எதிர்பார்த்து எழுதப்படவில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"காரமாக வேண்டியது டப்பாவுக்குள்ள இல்ல. உனக்குள்ள, கிட்னியில. அங்க இப்ப மருந்து கல்லாப் படிஞ்சுக்கிட்டு இருக்கு."

"யக்கா. சொல்லிராதீங்க. இனிமே முழுங்குதேன். சத்தியமா. எங்க அம்ம தலையில அடிச்சு."

நான் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை. படி இறங்கும்போது, ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்தது ஒரு மாடி இறங்கும் நேரம். நேராக டாக்டர் எஸ்தர் அறைக்குப் போனேன். சிஸ்டர் ஜெபக்கனி தன் கையாலேயே புதிதாக ஒரு டப்பா பிடித்துக் கீற்றை நனைத்தார்.

மஞ்சள். ஐந்தரை.

மார்ச் 7, வெள்ளி

1.9. நகர்கிறது, எறும்பு மாதிரி.

சோடா ஊசியை நேற்று மதியமே வேறொரு மருத்துவமனையில் கேட்டு வாங்கி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். சிறுநீர் போகப் போகத் தண்ணீரும் ஏற்றுகிறார்கள். இன்று காலைக் கீற்று பச்சை; சிஸ்டர் பிடித்தது. ஆனால் கழிவு இன்னும் ஏறுகிறது. படிந்தது கரையுமா, அதற்குள் சிறுநீரகம் நின்றுவிடுமா என்று டாக்டர் எஸ்தருக்கே தெரியவில்லை. டயாலிசிஸ் அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

சிஸ்டர் ஜெபக்கனி மாத்திரை டப்பா பக்கமே போகாமல் உட்கார்ந்திருந்தார். "நான் நின்னு முழுங்க வச்சிருக்கணும். இருபத்திரெண்டு பேரு, வல்லி. இருபத்திரெண்டு பேரு."

வார்டுக்குப் போனேன். இசக்கிப்பிரியா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து குரல்:

"காட்டிக் குடுத்தாச்சுல்லா. போங்க."

பேச்சித்தாய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலண்டரிலிருந்து கீற்றுகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, சனி

1.1. கழிவு ஏறவில்லை. இறங்கவுமில்லை.

துணி துவைத்தேன். விடுதியில் தண்ணீர் பத்து மணிக்கே நின்றுவிட்டது. பாதித் துணியைச் சோப்போடு பிழிந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

0.6. விடுமுறை நாள்தான், போனேன். எந்திரம் சூடாகும் நேரத்தில் அந்த அறையில் வரும் முனகல் எனக்குப் பிடிக்கும்.

கழிவு இறங்குகிறது! டயாலிசிஸ் வேண்டாம் என்றார் டாக்டர் எஸ்தர். மறுபடி என் பாட்டிலில் தண்ணீர் குடித்தார். இம்முறை எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் சொல்வதைக் கேட்கலாம், முகத்தைப் பார்க்கலாம், வெளியே அவர் காட்டும் கீற்றைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நீலமாக்க வழியிருக்கிறது. ரத்தத்துக்குப் பாசாங்கு தெரியாது. ஆனால் ரத்தத்தையும் யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இந்த வரியை எழுதியபின் வெகுநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்திருக்கிறேன். மை பரவிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

0.31.

மார்ச் 11, செவ்வாய்

0.16. புத்தகம் முடிந்தது. கடிதத்தை எடுத்து அடுத்த புத்தகத்துக்கு மாற்றினேன்.

மார்ச் 12, புதன்

0.08.

முடிவுத் தாளைக் கணினியில் அனுப்பினால் போதும். நானே எடுத்துக்கொண்டு மாடியேறினேன். டாக்டர் எஸ்தர் படுக்கையருகில் நின்று தாளைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, இங்க பாரு. பரீட்சைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு சுத்து அங்கிட்டு இங்கிட்டு நகத்தியிருக்க மாட்டேனா? நான் என்ன எமனா?"

இசக்கிப்பிரியா தயங்கினாள். "நீங்க சிரிக்கவே மாட்டீங்க. அதான் கேக்கல."

சிஸ்டர் ஜெபக்கனி சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"கிட்னிக்கு எப்படியும் மூணு வாரம் ஓய்வு வேணும்," என்றார் டாக்டர், குரலை மாற்றாமல். "பரீட்சையை எழுதிட்டு வா. அதுக்குப் பிறகு ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன். அழுதாலும் சரி."

எல்லோரும் போனபின் நான் மட்டும் நின்றேன். பேச்சித்தாய் ஒரு டம்ளர் காபியை என் கையில் வைத்தார். ஆறுவதற்குள் குடி என்பதுபோலத் தலையை அசைத்தார். பெண் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"யக்கா. அந்தக் குரோட்டன்ஸ் பிள்ள பேரென்ன?"

காபி சுட்டது. "செண்பகவல்லி," என்றேன்.

அவள் பார்வை என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்கு வந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தாள். பேச்சித்தாயும் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ, மகள் முகத்திலிருந்து படித்துக்கொண்டார்.

"இப்ப மாத்திரை முழுங்குதா அந்தப் பிள்ள?"

"இப்ப மாத்திரை இல்ல. வருஷத்துக்கு ஒருதரம் ரத்தமும் நெஞ்சும் சோதிக்கணும். அந்தக் காலத்து மருந்து பின்னாடி ஏதாச்சும் செய்யுமான்னு."

"சோதிச்சாளா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். லேபில் ரத்த மாதிரிகள் காத்திருக்கின்றன என்று ஏதோ சொன்னேன்.

"ஏ யக்கா!" என்றாள் பின்னாலிருந்து. வார்டே திரும்பிப் பார்த்தது. "உங்க டப்பாவும் புதினா மணக்கும் போலுக்கே!"

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் படுக்கைக்கு வேறொருவர் வந்திருக்கிறார். 24 மணி நேரம்: 7.1. நல்ல இறக்கம்.

மாத்திரையை சிஸ்டர் எதிரில்தான் விழுங்க வேண்டும், கீற்றைச் சிஸ்டர்தான் நனைக்க வேண்டும் என்று புது விதி. இன்னொரு சிஸ்டரும் வருகிறாராம். வரட்டும், பார்க்கலாம்.

மார்ச் 19, புதன்

அம்மா ஃபோன். கேட்பதற்கு முன்பே வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காலை பத்தேகாலுக்கு பேச்சித்தாயிடமிருந்து அழைப்பு. பள்ளிக்கூட வாசலிலிருந்து. பின்னால் பேருந்துச் சத்தம்.

"உள்ள போயிட்டாம்மா. தலையில துண்டு கட்டிக்கிட்டு, நொண்டிக்கிட்டே போறா. கூட வந்த பிள்ளைக பையைத் தூக்கிட்டுப் போகுதுவ. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. நீங்க போனியளான்னு. எங்கன்னு கேட்டா, அவியளுக்குத் தெரியும்ங்கா."

"மத்தியானத்துக்குள்ள போறேன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன். வெளிய வந்ததும் அதத்தான் மொதல்ல கேப்பா."

சென்னை ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். ஆண்டுச் சோதனைக்கு நவம்பரில் போயிருக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு முந்தைய நவம்பரிலும்தான்.

நெஞ்சுச் சோதனைக்குச் சென்னையில் ஏப்ரல் நான்காம் தேதி நேரம் கிடைத்தது. ரத்தம் இங்கேயே கொடுக்கலாம் என்றார்கள். என் லேபுக்கு அடுத்த அறை. மூன்று வருடமாக அந்தக் கதவைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு என்னைத் தெரியும். நோயாளியாக உட்கார்ந்ததும் முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு படிவத்தை நிரப்பத் தொடங்கினார். பெயர். வயது. பிறகு, "முன்னாடி பெரிய வியாதி ஏதும்?"

வேலையில் சேர்ந்த அன்று இதே கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன், அழகான கையெழுத்தில்.

"ரத்தப் புற்றுநோய். ஒன்பது வயசுல. எனக்கு."

அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். குழாய் நிறைவதை முழுக்கப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் குழாய்களைக் கையாண்டிருப்பேன்! எடுத்த கணத்தில் ரத்தம் சூடாக இருக்கும் என்பது தெரியாமலே இருந்திருக்கிறது.

நாளை மாலை முடிவு வரும். அம்மாவுக்கு அதற்கு முன்பே, இன்று எட்டு மணிக்குள், ஃபோன் செய்துவிட வேண்டும். நார்மல் என்று சொல்ல முடியாது. இன்னும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.